பால்வெள்ளைத் தோலும் பங்குனி வெயிலும்

நாய் வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது காலை ஐந்து மணியைப் பற்றித்தான். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யார் எழுந்திருப்பார்கள்? மில்லில் முதல் ஷிப்டுக்குப் போகிறவரா, பால் கறக்கிறவரா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையா? யாராவது ஒருவரைக் கைகாட்டினால் பேச்சைத் தொடர்வேன். "நாய்தானே அண்ணாச்சி, அதுபாட்டுக்கு வாசல்ல கிடக்கும்" என்று பதில் வந்தால், தெருவில் ஈன்ற நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த அத்தியாயம், வாசலில் சும்மா கிடக்கப் பிறக்காத பெரிய நாய்களைப் பற்றியது.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கும் எங்கள் சேத்தூரில் இப்போது இரண்டு வகைப் பெரிய நாய்களைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒன்று, அல்சேஷன் என்று நாம் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்ட். இன்னொன்று, பக்கத்து ஊரின் பெயரையே தாங்கிய ராஜபாளையம். இரண்டையும் "ஆட்டு மந்தை மேய்க்கிற நாய்" என்று சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. வளர்ப்பில் வரும் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜெர்மன் ஷெப்பர்ட் உண்மையிலேயே மேய்ப்பு நாய். 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி ஜெர்மனியில் அந்த இனத்தை முறைப்படுத்தினார். வேலியில்லாத வயல்களுக்கு நடுவே ஆடுகள் பயிரில் இறங்கிவிடாமல், மந்தையின் ஓரமாக நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓடி உயிருள்ள வேலியாக நிற்பதுதான் அதன் தொழில். நம் கரிசல் காட்டுக் கிடைகளில் அந்த வேலையை மனிதர்கள் செய்கிறார்கள். கையில் துரட்டி, வாயில் ஒரு குரல், அது போதும். வேம்பூர் ஆடுகள் திரும்பிவிடும். இங்கே நாயின் வேலை பொழுது சாய்ந்த பிறகு. அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போட்டபின், நரியும் திருடனும் அண்டாமல் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். ஆக, அங்கே நாய் மந்தையைத் திருப்புகிறது. இங்கே நாய் மந்தையைக் காக்கிறது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் காவலுக்கும் வேட்டைக்கும் வந்த நாய்கள். சேத்தூர், சிவகிரி போன்ற பாளையங்களின் காலத்து நினைவோடு ராஜபாளையம் நாயைப் பாளையக்காரர் நாய் என்றும் சொல்வதுண்டு.

இந்த வேறுபாடு வீட்டுக்குள் எப்படித் தெரியும் என்றால், முற்றத்தில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது பாருங்கள். அல்சேஷன் அவர்களைச் சுற்றி ஓடும். சில சமயம் குதிகாலைக் கவ்வப் பார்க்கும். மந்தையைத் திருப்பும் குணம் அது. அதட்டி அடக்குவதைவிட, பந்தைப் போட்டு எடுத்துவரப் பழக்கினால் அடங்கும். ராஜபாளையம் குழந்தைகளைக் கண்டுகொள்ளாது. தெருவில் ஒரு கோழி ஓடட்டும், அப்போது பாருங்கள்.

2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் பதிவு செய்த முதல் நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த இனங்களின் பெயரைச் சொன்ன பிறகு, குட்டி கேட்டு வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கின. பெருமைதான். ஆனால் தேவை கூடும்போது குட்டி போடும் வேகமும் கூடுகிறது. அதனால் குட்டி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காது கேட்கிறதா?

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ராஜபாளையம் குட்டிக்கு வெள்ளையன் என்று பெயர். ஒரு பண்ணையில் பணம் கொடுத்து எடுத்து வந்தேன். பால் போல ஒரே வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. புத்தகத்தில் போட்ட படம் போல இருந்தான். மூன்றாம் நாள் தீபாவளி. சிவகாசி பக்கத்தில் இருக்கும் ஊர் என்றால் தீபாவளி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெரு அதிர்ந்துகொண்டிருக்க, வெள்ளையன் திண்ணையில் கால் நீட்டித் தூங்கினான். "எம்புட்டுத் தைரியம் பாத்தியா" என்று நாங்கள் பூரித்துப்போனோம். எதிர்வீட்டு ஆச்சிதான் சொன்னார்கள்: "ஏலே, அதுக்குக் காது கேக்கலடா."

அவர்கள் சொன்னது உண்மை. முழு வெள்ளை நாய்களில் இது ஒரு பரம்பரைக் குறை, டால்மேஷனிலும் உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்களே உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்புச் செல்கள் பட்டுப்போகின்றன. பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. நாம் கொண்டாடுகிற பால்வெள்ளையும் இந்தச் செவிட்டுத்தன்மையும் ஒரே வேரில் முளைப்பவை என்பதை, குட்டி எடுக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து அல்லது ஆறு வாரம் ஆன பிறகு சோதித்துப் பாருங்கள். குட்டிகள் கும்பலாக இருக்கும்போது சோதித்தால் பயனில்லை. ஒன்று தலைதூக்கினால் மற்றதும் பார்த்துத் தூக்கும். குட்டியைத் தனியே பிரித்து, அது தூங்கும்போது அதன் முதுகுப் பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கைதட்டினால் காற்று மேலே படும், காலைத் தட்டினால் தரை அதிரும். அந்த அசைவை உணர்ந்து எழுந்த குட்டியைக் காது கேட்டு எழுந்ததாக நம்பி ஏமாறாதீர்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளை அலையைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். சத்தம் வந்த திசையை விட்டு வேறு பக்கம் தேடுகிற குட்டியைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

வெள்ளையனைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கை அசைவுகளால் பழக்கினோம். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காருவான். விரல்களை மார்புக்கு இழுத்தால் வருவான். இருட்டில் டார்ச்சை இரண்டு முறை மின்னினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். தூங்குகிற செவிட்டு நாயைத் தொட்டு எழுப்பக்கூடாது; திடுக்கிட்டுக் கடித்துவிடும். இரண்டடி தள்ளி நின்று தரையில் காலை ஓங்கி மிதித்தால் அதிர்வில் எழும். வண்டி ஓடும் சாலையில் கயிறில்லாமல் விடவே கூடாது. செவிட்டு நாயை நன்றாக வளர்க்க முடியும், ஆனால் அதற்குக் குட்டி எடுக்கக்கூடாது. பண்ணைக்காரர் எத்தனை இனிக்கப் பேசினாலும் தாயையும் தகப்பனையும் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் நின்று கூப்பிடச் சொல்லுங்கள்.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்காதீர்கள். கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் அது கற்றுக்கொள்கிறது. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை எதையெல்லாம் பார்க்கிறதோ அதையெல்லாம் உலகின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். தடுப்பூசி முடியாத காலம் என்பதால் தெருவில் இறக்கிவிட முடியாது; தூக்கிக்கொண்டு போகலாமே. கோவில் கொடை மேளம், பஸ் ஸ்டாண்டு இரைச்சல், தலைக்கவசம் போட்ட ஆள், தடி ஊன்றி நடக்கும் தாத்தா என்று தினம் ஒன்றைக் காட்டுங்கள். ராஜபாளையம் இயல்பிலேயே அந்நியரிடம் ஒட்டாது. குட்டியிலேயே மனிதரைப் பார்க்காமல் வளர்ந்தால் அந்த ஒட்டாமை பயமாகத் திரியும். பயந்த பெரிய நாய்தான் கடிக்கிற நாய்.

வெக்கை

பங்குனி பிறந்துவிட்டால் சேத்தூரில் நாய்க்குப் பகல் என்பதே கிடையாது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். ஜெர்மானியக் குளிருக்கு இரட்டை அடுக்கு முடியோடு வந்த அல்சேஷனின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். அதற்காக அதை மொட்டையடிப்பது பெரிய தவறு. அந்த முடிதான் வெயில் நேரே தோலில் இறங்காமல் தடுக்கிறது. வாரம் மூன்று முறை அடிமுடியைச் சீவி எடுங்கள், காற்று உள்ளே புகும். ராஜபாளையத்துக்கு முடி குட்டை, வெக்கையைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் அதன் தோலில் நிறம் இல்லை. மூக்கு நுனி, காது மடல், அடிவயிறு மூன்றும் வெயிலில் வெந்து சிவக்கும். வருடக்கணக்கில் அப்படிச் சிவந்துகொண்டே இருந்தால் தோல் புற்றில் முடியக்கூடும். நாம் பூசும் வெயில் கிரீமைத் தடவாதீர்கள். பலவற்றில் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறது, நக்கினால் நஞ்சு. நிழல்தான் மருந்து.

நிழல் என்று தகர ஷெட்டைச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் தகரத்தைச் சாய்த்து அதன் கீழே நாயைக் கட்டுவது இங்கே பழக்கமாகிவிட்டது. மேலே தகரம், கீழே கான்கிரீட், நடுவில் உயிர். சித்திரை மதியம் உங்கள் வெறும் காலை அந்தத் தரையில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு நல்ல இடம் வேப்பமரம் அல்லது புங்கமரத்தடி மண்தரை. மரமில்லாத வீட்டில் திண்ணையோ, மாடிப்படிக்குக் கீழே காற்றோடும் இடமோ போதும். மண்ணில் தண்ணீர் தெளித்துவிட்டால் தானே பள்ளம் பறித்துப் படுத்துக்கொள்ளும். பறிக்க விடுங்கள். தண்ணீரை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தால் பத்து மணிக்கே சுடுதண்ணீர் ஆகிவிடும். வாயகன்ற மண்சட்டி நல்லது. முப்பது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், கோடையில் இன்னும் கூடுதலாக.

நடைக்கு வெயில் காலத்தில் காலை ஐந்து முதல் ஆறேகால் வரை. மாலையில் ஏழுக்குப் பிறகு. பொழுது சாய்ந்தும் தார்ச்சாலை சூட்டை விடாது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஆனியிலும் ஆடியிலும் மலைப்பக்கமிருந்து சாரல் காற்று வீசும் நாட்களில் இந்தக் கட்டுப்பாடு தளரும். அந்த இரண்டு மாதம்தான் நாய்க்கும் நடத்துகிறவருக்கும் சுகமான காலம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தொட்டால் நமக்குச் சூடாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். இளைப்பு நிற்காமல், நாக்கு ரத்தச் சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் அது வெப்ப வாதம். அந்த நேரத்தில் ஆட்டோ தேடி ஓடாதீர்கள். முதலில் நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பூட்டும். இளைப்பு தணியத் தொடங்கிய பிறகு வண்டியில் ஏற்றுங்கள். எழுந்து நடந்துவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. சிறுநீரகத்தின் கோளாறு மறுநாள்தான் தெரியும்.

சங்கிலி

"கட்டிப்போட்டு வளத்தாத்தான் நாய்க்கு வெறி ஏறும், ராத்திரி அவுத்து விட்டா யாரும் கிட்ட வர முடியாது." இதைச் சொல்லாத ஆளை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. என் அப்பாவே சொல்லியிருக்கிறார். நாற்பது வருடமாக நாய்களோடு இருந்துவிட்டுச் சொல்கிறேன்: கட்டிப்போட்ட நாய் காவல் காப்பதில்லை, கத்துகிறது. போஸ்ட்மேனுக்கும் காக்காய்க்கும் திருடனுக்கும் ஒரே குரைப்பு. வீட்டுக்காரரே அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போய்த் தூங்கிவிடுகிறார். கழுத்தில் முடி உதிர்ந்து, வாலைத் தானே கடித்துக்கொண்டு, ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி மண்ணைத் தேய்த்து வைத்திருக்கும் ராஜபாளையங்களை நான் எண்ணற்ற வீடுகளில் பார்த்திருக்கிறேன். கிடைக் காவலுக்கு வந்த நாயை யாரும் கட்டிவைத்ததில்லை. அது மனிதரோடு நடந்தது, ஆட்டோடு படுத்தது, எது சொந்தச் சத்தம் எது அந்நியச் சத்தம் என்று பிரித்தறிந்தது. அந்தப் பிரித்தறிவுதான் காவல். சங்கிலி அழிப்பது அதைத்தான்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கை நியாயமற்ற நேரத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டுவதைக் குற்றமாக்குகிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிற நாயை ஓடியாடப் பழக்காமல் விடுவதையும் தனியாகக் குறிப்பிட்டுக் குற்றம் என்கிறது. நாய்க்கு உடற்பயிற்சி தராதது குற்றம் என்று அறுபது வருடத்துக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

சரி, கட்டாமல் எப்படி? ஆளுயரச் சுற்றுச்சுவரும் உள்தாழ்ப்பாள் போட்ட கேட்டும் முதல் தேவை. ராஜபாளையம் ஐந்தடிச் சுவரை விளையாட்டாகத் தாண்டும். வாசலில் விருந்தாளி வந்தால் உள்ளே அனுப்ப ஓர் அறையோ கம்பி அடைப்போ இருக்கட்டும். அதற்குள் போனால் தின்பண்டம் கிடைக்கும் என்று குட்டியிலேயே பழக்கினால் தானாக ஓடிப்போய் உட்காரும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் வெளியே. அதில் பத்து நிமிடமாவது முழு வேகத்தில் ஓட இடம் வேண்டும். நீண்ட காலும் குறுகிய இடுப்பும் ஓடுவதற்காக அமைந்தவை. அறுத்துப்போட்ட நெல்வயலோ வேலி போட்ட தென்னந்தோப்போ கிடைத்தால் பாக்கியம். அல்சேஷனுக்கு ஓட்டத்தைவிட வேலைதான் முக்கியம். செருப்பை எடுத்துவருவது, ஒளித்த பொருளை மோந்து கண்டுபிடிப்பது, தோட்டத்தில் கூடவே நடப்பது என்று ஏதாவது ஒன்று. மூளை சும்மா இருக்கும் அல்சேஷன் உங்கள் சோபாவைப் பிரித்து வேலை உண்டாக்கிக்கொள்ளும்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊரை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அடிவாரத் தோப்பில் இரவு நாயைக் கட்டிவைப்பது சிறுத்தைக்கு விருந்து வைப்பது. காட்டுப்பன்றிக்காக யாரோ போடும் மின்கம்பியிலும், தீனிக்குள் வெடி வைத்த அவுட்டுக்காயிலும் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் நாய்தான். முயலுக்கும் பன்றிக்கும் நாயை ஏவி வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாரம்பரியம் என்று சொல்லித் தப்ப முடியாது, சொல்லவும் கூடாது. கண்ணாடி விரியனோ நல்லபாம்போ தீண்டினால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும்.

தெருவில் ஆட்டைத் துரத்துகிற நாயைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வளர்ந்த நாயைத் திருத்துவது கடினம். கயிறு பிடிப்பதுதான் வழி. குட்டியாக இருக்கும்போதே ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே விட்டு வளர்த்தால், முட்டு வாங்கி மரியாதை கற்றுக்கொள்ளும். துருக்கியின் மந்தைக் காவல் நாய்களான காங்கல்களும் மந்தையோடு மந்தையாகத்தான் வளர்கின்றன.

தட்டில் என்ன?

சாப்பாட்டை இத்தனை பெரிய விஷயமாக ஆக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து கிலோ எடையுள்ள, தினமும் ஓடியாடும் நாய்க்கு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கலோரி போதும். 400 கிராம் வெந்த சோறு அல்லது கம்பஞ்சோறு, 250 கிராம் எலும்பு நீக்கிய கோழிக்கறி, ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி பூசணி அல்லது கேரட், கொஞ்சம் தயிர். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு வேண்டாம். குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம் என்று சொல்வது அதில் வெங்காயம் இருப்பதால்தான். அது நாயின் ரத்தச் செல்களை உடைக்கும். திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவைத்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தால் பால்கோவாவை நாய்க்கும் ஒரு வாய் ஊட்டுகிற வீடுகள் உண்டு. அத்தனை பாலும் சர்க்கரையும் அதன் வயிற்றுக்கு ஆகாது.

ராஜபாளையத்துக்குக் கடைசி இரண்டு விலா எலும்புகள் லேசாகத் தெரிவதுதான் அழகு, ஆரோக்கியமும்கூட. அதைப் பார்த்துவிட்டு "எலும்பும் தோலுமா இருக்கே" என்று உறவினர் சொன்னால் தட்டை நிரப்பாதீர்கள். அல்சேஷனில் விலா கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். அதன் இடுப்பு மூட்டு பரம்பரையாகவே பலவீனமானது. கூடும் ஒவ்வொரு கிலோவையும் அந்த மூட்டுதான் சுமக்கும்.

பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றுவது நம் ஊரில் பக்தி போல நடக்கிறது. குட்டி உணவுப் பாக்கெட் சாப்பிடுகிற குட்டிக்கு அது தேவையில்லை என்பது மட்டுமல்ல, கேடு. மிஞ்சிய கால்சியம் வளரும் எலும்பைக் கோணலாக்கும். வீட்டுச் சோறு சாப்பிடுகிற குட்டிக்குக் கால்சியம் வேண்டும்தான், எவ்வளவு என்பதை எடை போட்டு மருத்துவர் சொல்லட்டும். எலும்பு முற்ற ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை பைக் பின்னால் ஓடவிடுவதும் மாடிப்படியில் ஏறி இறங்க வைப்பதும் வேண்டாம்.

ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள இந்த இரண்டு இனங்களுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு: வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்வது. சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள், ஒரு மணி நேரமாவது ஓய்வு தேவை. வயிறு மத்தளம் போல உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் நுரைதான் வருகிறது என்றால் ஓம வாட்டரில் நேரத்தைக் கழிக்காதீர்கள். அது அறுவை சிகிச்சைக்கான நேரம், மணிக்கணக்கில்தான் அவகாசம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழியையும் தொலைபேசி எண்ணையும் நாய் வாங்கிய வாரமே எழுதி வையுங்கள்.

உண்ணி, சொறி, புழு

ஐப்பசி மழை தொடங்கினால் உண்ணி பெருகும். நாயின் மேல் இருப்பதைப் பிடுங்கிப் போட்டால் தீராது. சுவர் விரிசலிலும் மரக்கட்டில் இடுக்கிலும்தான் அது ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாய்க்கு மாத்திரை கொடுக்கும் அன்றே சுவர் விரிசலைப் பூசி அடையுங்கள். உண்ணி கொண்டுவரும் காய்ச்சலில் நாய் சோறு மறுக்கும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து முழு நாளும் மருந்து கொடுத்தால் பிழைக்கும். நான்கு வார மருந்தைப் பத்தாம் நாள் நிறுத்திவிட்டு இழந்த நாய்கள் ஏராளம்.

ராஜபாளையத்துக்குச் சொறி சீக்கிரம் பிடிக்கும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் தடவுகிற வைத்தியத்தைத் தயவுசெய்து விடுங்கள். தோல் வழியாகவும் நக்குவதாலும் அந்த நஞ்சு ஈரலுக்குப் போகிறது. தோலைச் சுரண்டிப் பார்த்து எந்தப் பூச்சி என்று தெரிந்துகொண்டால், இப்போது மாதம் ஒரு மாத்திரையில் தீர்கிறது. ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாய்க்கும் கண் அளவில் ஏற்றுவது இன்னொரு கொடுமை. கோலி போன்ற சில மேய்ப்பு இனங்களின் மரபணுவில் ஒரு குறை உண்டு. அவற்றின் மூளைக்குள் அந்த மருந்து தடையின்றிப் புகுந்துவிடும். சின்ன அளவிலேயே மயங்கிச் சாகும். மற்ற நாய்களுக்கும் ஆட்டு அளவு ஆபத்துதான்.

ஆடும் நாயும் சேர்ந்து இருக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் அதில் இருக்கும் நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, புல்லோடு ஆட்டுக்குள் போய், மூளையில் கட்டியாகும். தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து சாகிற ஆட்டுக்கு யாரோ செய்வினை வைத்ததாகச் சொல்வார்கள். வைத்தது நாம் வீசிய தலைதான். இன்னொரு வகைப் புழுவின் முட்டை மனிதரின் ஈரலிலேயே நீர்க்கட்டி உண்டாக்கும். வேகவைக்காமல் எதையும் போடாதீர்கள். பிராசிகுவாண்டெல் சேர்ந்த குடற்புழு மாத்திரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே புழு மருந்து தொடங்கும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பம். பார்வோ, டிஸ்டம்பர் ஊசிகளை மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். வீட்டு நாய், குட்டி, செல்லம் என்று எதற்கும் விலக்கில்லை. பல் பட்டாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் வந்த பிறகு மருந்து கிடையாது. மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி நாளைத் தவறவிட்ட குடும்பங்களின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளையன் பதினோரு வருடம் இருந்தான். கடைசி வருடம் பின்னங்கால் வலுவிழந்து, புதிதாகப் போட்ட டைல்ஸ் தரையில் வழுக்கி விழத் தொடங்கினான். வாசலிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும் பழைய சாக்குகளை நீளமாக விரித்துத் தைத்துப் பாதை போட்டோம். அதை விட்டு ஓரடி விலகமாட்டான். வயதான பெரிய நாய் உள்ள வீட்டில் இதைச் செய்து பாருங்கள், பத்து ரூபாய்ச் சாக்கு போதும். மாதம் இரண்டு முறை நகத்தையும் வெட்டிவிடுங்கள். நடை குறைந்த நாய்க்கு நகம் தேயாது, வளைந்து உள்ளங்காலில் குத்தும்.